அறியாத நகரில் மிதிவண்டியும் வீகன் உணவும்: முழுமையான வழிகாட்டி

புதிய நகரம் ஒன்றை மிதிவண்டியில் சுற்றிப் பார்க்க விரும்பும் வீகன் பயணிக்கு இரண்டு கவலைகள் தனித்தனியே இருப்பதாகத் தோன்றும்: எந்தச் சாலையில் பத்திரமாகப் போவது, எங்கே எதைச் சாப்பிடுவது. நடைமுறையில் இவ்விரண்டும் ஒரே கேள்விதான். பார்க்க வேண்டிய இடங்களை வரிசைப்படுத்திக்கொண்டு, சாப்பாட்டை வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்புவதே பெரும்பாலோரின் வழக்கம். பால், முட்டை, மீன், இறைச்சி, தேன் ஆகிய எதையும் தொடாதவருக்கு அந்த வழக்கம் ஒத்துவராது. மதிய நேரம் முடிந்து உணவகங்கள் அடுப்பை அணைத்துவிட்ட பிறகு, முப்பது கிலோமீட்டர் மிதித்த களைப்போடு தெருத்தெருவாகத் தேடும் நிலை வந்தால், சிக்னலில் அவசரம் வரும். கடையில் நான்கு கேள்வி கேட்கும் பொறுமை போய்விடும். ஆகவே இந்த வழிகாட்டி வரிசையைத் தலைகீழாக வைக்கிறது: சாப்பிடும் இடம் முதலில், அதை ஒட்டிச் சாலை, அந்தச் சாலையை ஒட்டிப் பார்க்கும் இடம்.

1. வரைபடத்தை வீட்டிலேயே தயார் செய்யுங்கள்

உணவகங்களைத் தேட, 1999 முதல் இயங்கிவரும் ஹேப்பிகவ் தளம் நல்ல தொடக்கம். முழு வீகன் உணவகம், சைவ உணவகம், வீகன் உணவும் கிடைக்கும் பொது உணவகம் என்று அது பிரித்துக் காட்டுகிறது. பெயர் பட்டியலில் இருப்பதால் மட்டும் கடை திறந்திருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. சிறிய வீகன் உணவகங்கள் இடம் மாறுவதும் மூடப்படுவதும் அடிக்கடி நடப்பவை என்பதால், கடந்த சில மாதங்களுக்குள் யாரேனும் அங்கே சாப்பிட்டு எழுதியிருக்கிறார்களா, வார விடுமுறை என்றைக்கு, மதியத்துக்கும் இரவுக்கும் இடையில் கடை மூடப்படுமா ஆகிய மூன்றையும் பார்த்த பிறகே அதைத் திட்டத்தில் சேருங்கள்.

சாலைகளுக்கு, 2004 இல் தொடங்கப்பட்டுத் தன்னார்வலர்களால் வளர்க்கப்படும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடமே எனக்குப் பிடித்தது. அதன் தரவைக் கொண்டு வரையப்படும் சைக்ளோஎஸ்எம் அடுக்கு, மிதிவண்டித் தடங்களையும் வண்டி நிறுத்தும் கம்பிகளையும் தெளிவாகக் காட்டுகிறது. ஓர் உணவகம் முழுக்க வீகனா, வீகன் உணவும் வைத்திருக்கிறதா என்று குறித்துவைக்கும் வசதியும் அதே தரவில் உண்டு. எல்லா ஊர்களிலும் அது ஒரே அளவுக்கு நிரப்பப்பட்டிருக்காது. ஆஸ்மாண்ட், ஆர்கானிக் மேப்ஸ் ஆகிய செயலிகளில் நகர வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால், இணையம் இல்லாத இடத்திலும் வழி தெரியும்.

இப்போது குறிக்கத் தொடங்குங்கள். முழு வீகன் உணவகங்களுக்கு ஒரு நிறம், கேட்டு வாங்கிச் சாப்பிடக்கூடிய இடங்களுக்கு இன்னொரு நிறம், காய்கனிச் சந்தைக்கும் மளிகைக் கடைக்கும் மூன்றாவது நிறம் என்று வைத்துக்கொள்ளலாம். சிறிது நேரத்தில் புள்ளிகள் சில பகுதிகளில் கொத்தாகச் சேர்வதைக் காண்பீர்கள். ஒரு நாளுக்கு ஒரு கொத்து என்று எடுத்துக்கொண்டு, அதில் மதிய உணவுக்கு ஓர் இடத்தையும், அது மூடியிருந்தால் போக இரண்டு கிலோமீட்டருக்குள் மாற்று இடம் ஒன்றையும் உறுதி செய்யுங்கள். நகரப் போக்குவரத்தில், சிக்னலில் நிற்பதையும் சேர்த்தால், மணிக்கு 12 முதல் 15 கிலோமீட்டருக்கு மேல் சராசரி வேகம் கிடைப்பது அரிது. அந்தக் கணக்கில் மாற்று இடம் பத்து நிமிடத் தொலைவில்தான் இருக்கும். அருங்காட்சியகம், பூங்கா, ஆற்றங்கரை போன்ற பார்க்கும் இடங்களை இந்தக் கொத்தைச் சுற்றி அடுக்குவது எளிது. அவற்றைச் சுற்றி உணவகங்களை அடுக்க முடியாது.

வழியை வரைந்த பிறகு அதன் ஏற்ற இறக்கத்தைப் பாருங்கள். ஐந்து சதவீத ஏற்றம் என்றால் நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் உயர்வு. சுமையோடு மிதிப்பவருக்கு அது நீண்ட தொலைவுக்கு இனிமையாக இராது. காற்றும் கணக்கில் வர வேண்டும். கடலோர நகரங்களில் பகலில் நிலம் கடலைவிட விரைவாகச் சூடேறுவதால், பிற்பகலில் காற்று பெரும்பாலும் கடலிலிருந்து நிலத்தை நோக்கி வீசும். காலையில் கடற்கரைப் பக்கம் போய்விட்டு, பிற்பகலில் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு உள்நகருக்குத் திரும்புமாறு திட்டமிடுவது நல்லது.

2. தங்குமிடம்

பொதுவாகச் சொல்லப்படும் 'நகர மையத்தில் தங்குங்கள்' என்ற அறிவுரை மிதிவண்டிக்காரருக்கு அவ்வளவு பொருந்தாது. மையத்திலிருந்து மூன்று நான்கு கிலோமீட்டர் தள்ளி, அமைதியான குடியிருப்புப் பகுதியில், தரைத்தளத்தில் வண்டியை உள்ளே வைக்க இடமும் ஒரு சிறிய சமையலறையும் இருக்கும் விடுதியே மேல். சமையலறை என்றால் முழு அடுப்பு வேண்டும் என்பதில்லை. ஒரு கெட்டிலும் குளிர்பதனப் பெட்டியும் இருந்தாலே காலை உணவும் அவசர இரவு உணவும் கையில் வந்துவிடும். பிறகு வெளியில் நம்ப வேண்டியது மதிய உணவை மட்டுமே.

முன்பதிவுக்கு முன்பே எழுத்தில் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: வண்டியை இரவில் எங்கே வைப்பது, அந்த இடத்தின் சாவி யாரிடம் இருக்கும். 'வண்டி நிறுத்த வசதி உண்டு' என்ற பதிலுக்கு, தெருவோரக் கம்பி என்றும் பொருள் இருக்கலாம். நகரம் மேட்டிலும் பள்ளத்திலும் பரவியிருந்தால், பள்ளத்துப் பக்கம் தங்குங்கள். காலையில் புத்துணர்வோடு ஏறி, மாலையில் களைப்போடு இறங்கலாம். நெடுந்தொலைவு மிதிவண்டிப் பயணிகளுக்குத் தம் வீட்டில் இடம் தருவோரை இணைக்கும் வார்ம்ஷவர்ஸ் என்ற அமைப்பும் உண்டு. அதில் விருந்தினராகப் போவதானால், வீகன் என்பதை முதல் கடிதத்திலேயே சொல்லிவிட வேண்டும்; விருந்து சமைத்து முடித்த பிறகு சொல்வது இருவருக்கும் சங்கடம்.

3. வண்டி: சொந்தமா, வாடகையா?

ஐந்தாறு நாள்களுக்குள் முடியும் பயணமென்றால் வாடகை வண்டியே போதும் என்பது என் கருத்து. அதற்கு மேல் தங்குவோரும், உடலமைப்புக்கேற்ற வண்டியில் மட்டுமே வலியின்றி ஓட்ட முடிந்தோரும் சொந்த வண்டியைக் கொண்டுபோகலாம்.

விமானத்தில் கொண்டுபோக, பெட்டியின் அளவையும் எடை வரம்பையும் அந்தந்த நிறுவனத்தின் விதிகளில் பார்த்துக்கொள்ளுங்கள். ஹேண்டில்பாரைத் திருப்பி, பெடல்களைக் கழற்ற வேண்டியிருக்கும். இடப்பக்கப் பெடலின் மரை எதிர்த்திசையில் வெட்டப்பட்டிருப்பதால், அதை வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழலும். இதை அறியாமல் மேலும் இறுக்கிவிடுவோர் பலர். மின்சார மிதிவண்டியின் மின்கலம் பயணிகள் விமானத்தில் பொதுவாக ஏறாது: பயணி தன்னோடு எடுத்துச் செல்லும் லித்தியம் மின்கலங்களுக்கு 100 வாட்-மணி வரை பொதுவாக அனுமதி உண்டு, 160 வாட்-மணி வரை நிறுவனத்தின் ஒப்புதலோடு அனுமதி உண்டு, மின்சார வண்டிகளின் மின்கலங்கள் பெரும்பாலும் இந்த அளவைத் தாண்டியவை. கைபேசிக்கான பவர் பேங்கையும் கைப்பையில்தான் வைக்க வேண்டும். ரயிலில் போவோருக்கு மடக்கு மிதிவண்டி பெரும் வசதி. மடக்கி உறையிட்டுவிட்டால் பல இடங்களில் அது சாதாரணப் பயணச் சுமையாகவே ஏற்கப்படுகிறது.

வாடகை வண்டியை வாங்கியவுடன் இரண்டு பிரேக்குகளையும் தனித்தனியே பிடித்துப் பாருங்கள். சில நாடுகளில் முன் பிரேக் வலக்கையிலும் வேறு சிலவற்றில் இடக்கையிலும் இருக்கும். பழக்கமில்லாத கையில் முன் பிரேக்கைச் சட்டென்று அழுத்தினால் குப்புற விழ நேரும். சீட்டின் உயரத்துக்கு எளிய அளவு உண்டு: பெடல் அடிமட்டத்தில் இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். ஏற்கெனவே உள்ள கீறல்களைக் கடைக்காரர் முன்னிலையில் படமெடுத்துக்கொள்ளுங்கள். நிலையத்தில் எடுத்து நிலையத்தில் விடும் பொது மிதிவண்டித் திட்டங்களில், நீங்கள் உட்கார்ந்து சாப்பிடும் நேரத்துக்கும் கட்டணம் ஓடிக்கொண்டிருக்கும். உணவகத்துக்கு அருகிலுள்ள நிலையத்தில் வண்டியை விட்டுவிட்டு, சாப்பிட்டபின் வேறொன்றை எடுப்பதே சிக்கனம். அந்த நிலையம் நிரம்பியிருக்கிறதா என்பதைப் புறப்படும் முன்பே செயலியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

4. பையில் என்ன இருக்க வேண்டும்?

ஒரு மாற்று டியூப், ஒட்டுப்போடும் பொருள்கள், டயரை நெம்பும் கட்டை இரண்டு, சிறிய பம்ப், ஆலன் கீ (அறுகோணத் திருகுச் சாவி) தொகுப்பு ஆகியவை போதும். டியூப் வாங்கும்போது டயரின் பக்கவாட்டைப் பாருங்கள்: 32-622 என்பது போல இரண்டு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதலாவது டயரின் அகலம், இரண்டாவது ரிம்மில் டயர் அமரும் இடத்தின் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். இந்த எண்ணும் வால்வின் வகையும் தெரிந்தால், மொழி தெரியாத ஊரின் கடையிலும் பேசாமலே சரியான டியூபை வாங்கிவிடலாம்.

உணவில், ஒரு வேளைக்கான இருப்பு எப்போதும் பையில் இருக்க வேண்டும் என்பதை மீறக் கூடாத விதியாக வைத்துக்கொள்ளுங்கள். வறுத்த கொட்டைகள், உலர்பழங்கள், பொருள் பட்டியல் பார்த்து வாங்கிய ரொட்டி, கடலை வெண்ணெய் போன்றவை வெயிலில் கெடாமல் தாங்கும். ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து கடினமாக மிதிப்பவருக்கு மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து பரிந்துரைக்கப்படுகிறது. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் ஏறத்தாழ 27 கிராம் இருக்கிறது. நின்று நின்று ஊரைப் பார்ப்பவருக்கு அவ்வளவு தேவையில்லை என்றாலும், பசிக்கும் வரை காத்திராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எதையேனும் உண்பது நல்லது. வழக்கமாக எடுத்துக்கொள்ளும் வைட்டமின் பி12 மாத்திரையையும் மறவாதீர்கள்.

தோல் கையுறை, தோல் சீட் ஆகியவற்றைத் தவிர்ப்பது எளிது. செயற்கைப் பொருளில் தாராளமாகக் கிடைக்கின்றன. டயரின் ரப்பரில் சேர்க்கப்படும் ஸ்டியரிக் அமிலம் சில வேளை விலங்குக் கொழுப்பிலிருந்து எடுக்கப்படுகிறது என்பதைக் கேள்விப்பட்டுத் தயங்குவோரும் உண்டு. 1944 இல் தொடங்கப்பட்ட வீகன் சொசைட்டி தரும் வரையறையிலேயே, இயன்றவரை, நடைமுறைக்கு ஒத்தவரை என்ற வரம்பு இருக்கிறது. டயரைப் பொறுத்தவரை அந்த வரம்புக்குள் நின்றுகொள்ளலாம் என்றே நினைக்கிறேன்.

5. முதல் நாளில் எதையும் பார்க்கப் போகாதீர்கள்

வந்திறங்கிய நாளில் தங்குமிடத்தைச் சுற்றி ஐந்து முதல் எட்டு கிலோமீட்டர் வட்டம் ஒன்றை மட்டும் ஓட்டுங்கள். அந்த வட்டத்தில் மிதிவண்டி பழுதுபார்க்கும் கடை, மளிகைக் கடை, குடிநீர் கிடைக்கும் இடம், இரவு நெடுநேரம் திறந்திருக்கும் உணவகம் ஆகிய நான்கையும் கண்ணால் பார்த்துவிட வேண்டும். ஊர்க்காரர்கள் சிக்னலில் எங்கே நிற்கிறார்கள், எப்படித் திரும்புகிறார்கள், மணியை எதற்கெல்லாம் அடிக்கிறார்கள் என்பதைச் சற்று நேரம் ஓரமாக நின்று கவனியுங்கள். விதிப்புத்தகத்தைவிட விரைவாக அது பாடம் சொல்லும். மறுநாள் அதிகாலையில், போக்குவரத்து கூடுவதற்கு முன், நகரின் பெரிய சாலை ஒன்றில் ஓட்டிப் பழகலாம்.

6. சாலையில்

சொந்த ஊரில் இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர் வலப்பக்கம் ஓட்டும் நாட்டுக்குப் போகும்போது (மறுதலையாகவும்), ஆபத்து நேர்சாலையில் குறைவு, திருப்பங்களில் அதிகம். ஆளில்லாத சாலையில், வண்டியை நிறுத்திவிட்டு மீண்டும் ஏறும் தருணத்தில், பழைய பழக்கம் தலைதூக்கும். சில நாள்களுக்கு, ஒவ்வொரு முறை ஏறும்போதும் எந்தப் பக்கம் என்பதை வாய்விட்டே சொல்லிக்கொள்ளுங்கள். எதிர்வரிசையைக் கடந்து திரும்ப வேண்டிய பெரிய சந்திப்புகளில், நேராகக் கடந்து மறுகரையில் நின்று, அடுத்த சிக்னலில் மீண்டும் நேராகப் போகும் இரண்டு கட்டத் திருப்பமே பாதுகாப்பானது. சில நகரங்களில் அதுவே விதியும்கூட.

நிறுத்தியிருக்கும் கார்களிலிருந்து ஒரு மீட்டராவது விலகி ஓட்டுங்கள். கதவு எந்நேரமும் திறக்கலாம். டிராம் தண்டவாளத்தைக் கூடியவரை செங்குத்தாகக் கடக்க வேண்டும், மழையில் அதன்மேல் பிரேக் பிடிக்கவே கூடாது. லாரி, பேருந்து ஆகியவை திரும்பும் பக்கத்தில் அவற்றை ஒட்டி நுழையாதீர்கள். ஓட்டுநருக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள். 1968 ஆம் ஆண்டின் வியன்னா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கை, மிதிவண்டிக்கு இயங்கும் பிரேக், மணி, பின்புறச் சிவப்புப் பிரதிபலிப்பான் ஆகியவற்றோடு, முன்னால் வெள்ளை அல்லது மஞ்சள் விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் காட்டும் ஏற்பாட்டைக் கோருகிறது. வாடகை வண்டியில் இவை இருக்கின்றனவா என்று பார்க்க இதுவே போதுமான பட்டியல். தலைக்கவசம், நடைபாதை, ஒருவழிச் சாலை ஆகியவை பற்றிய விதிகள் நாட்டுக்கு நாடு மாறுபவை. அவற்றைப் புறப்படும் முன் படித்துக்கொள்ளுங்கள்.

7. உணவகத்தில் கேட்கும் முறை

பயணம் இனிப்பதும் கசப்பதும் பெரும்பாலும் இங்கேதான் முடிவாகிறது. 'இது வீகனா?' என்ற ஒற்றைக் கேள்வி போதாது. அந்தச் சொல்லை அறியாதவர், காய்கறி இருந்தால் போதும் என்று புரிந்துகொண்டு 'ஆம்' என்பார். பல ஊர்களில் மீனும் எலும்புச்சாறும் இறைச்சிக் கணக்கில் வருவதில்லை. பாலும் நெய்யும் சைவத்தில் சேர்ந்தவை. ஆகவே உள்ளூர் மொழியில் ஓர் அட்டையைத் தயார் செய்துகொள்ளுங்கள். முதல் பகுதியில் இறைச்சி, கோழி, மீன், கடலுணவு, முட்டை, பால், வெண்ணெய், நெய், பாலாடைக்கட்டி, தேன் என்று உண்ணாதவற்றைப் பெயர்பெயராக எழுதுங்கள். இரண்டாம் பகுதியில் சோறு, பருப்பு, பயறு, காய்கறி, காளான், கொட்டைகள், தாவர எண்ணெய் என்று விரும்பி உண்பவற்றை எழுதுங்கள். இந்த இரண்டாம் பகுதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மறுப்புகளை மட்டும் படிக்கும் சமையல்காரருக்குக் கையை விரிப்பதே எளிது. எதை வைத்துச் சமைக்கலாம் என்று தெரிந்தால் அவருக்கே யோசனைகள் வரும். இயந்திர மொழிபெயர்ப்பை அந்த மொழி பேசும் ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்த பிறகே அச்சிடுங்கள். விடுதியின் வரவேற்பறையில் இருப்பவரே அதைச் செய்து தருவார்.

அட்டையைக் காட்டிய பிறகும் சில கேள்விகள் மீதமிருக்கும். குழம்பின் அடிச்சாறு எதிலிருந்து எடுத்தது, எந்தக் கொழுப்பில் வதக்கியது, இறக்கும்போது வெண்ணெயோ கிரீமோ சேர்ப்பார்களா, மாவில் முட்டை கலந்ததா என்பவையே முக்கியமானவை. காய்கறி உணவு ஏமாற்றுவது பெரும்பாலும் முதல் கேள்வியில்தான். மீன் பொரித்த அதே எண்ணெயில் பொரித்ததை ஏற்பதா என்பது அவரவர் முடிவு; ஆனால் அதை வீட்டிலேயே தீர்மானித்துக்கொண்டு வருவது நல்லது, பசித்திருக்கும்போது எடுக்கும் முடிவு நிலையாக இராது.

ஒவ்வாமை இருப்பதாகப் பொய் சொன்னால் வேலை எளிதாகும் என்று சிலர் அறிவுரை சொல்வார்கள். அதை நான் ஏற்கவில்லை. உண்மையான ஒவ்வாமை என்று நம்பும் சமையலறை, ஆபத்தைத் தவிர்க்க உங்களுக்கு எதையும் தராமல் அனுப்பிவிடலாம். அதைவிட, பொய் வெளிப்படும்போது உண்மையிலேயே ஒவ்வாமை உள்ள அடுத்த வாடிக்கையாளரின் சொல் மதிப்பிழக்கிறது.

நேரமும் முக்கியம். மதியக் கூட்டம் தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்பு போனால், பரிமாறுபவர் உள்ளே போய்க் கேட்டுவர நேரம் இருக்கும். பொது உணவகமாக இருந்தால் காலையிலேயே தொலைபேசியில் கேட்டுவிட்டு வண்டியை எடுங்கள். வண்டியைக் கண்ணில் படும் இடத்தில், அதன் சட்டத்தையும் (ஃபிரேம்) பின்சக்கரத்தையும் சேர்த்து அசையாத கம்பியோடு யு வடிவப் பூட்டால் பூட்டிவிட்டு உள்ளே போங்கள். விளக்கு, பம்ப், பை ஆகியவற்றை உடன் எடுத்துச் செல்லுங்கள். சொந்த வண்டியென்றால், சட்டத்தின் அடியில் பெடல் அச்சருகே பொறித்திருக்கும் தொடர் எண்ணின் படம் கைபேசியில் இருக்கட்டும்; திருட்டைக் காவல்துறையில் பதிவதற்கு அது தேவைப்படும்.

8. பொட்டலத்தின் பின்பக்கம்

மளிகைக் கடையில் வாங்குவோர், சேர்பொருள் பட்டியலில் உள்ளூர் மொழியில் பால், முட்டை, மோர்ப்புரதம், கேசீன் (பால்புரதம்), ஜெலட்டின் (விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது), தேன் ஆகிய ஆறு சொற்களை அடையாளம் காணத் தெரிந்துகொண்டால் பெரும்பகுதி வேலை முடிந்தது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 14 வகை ஒவ்வாமைப் பொருள்களைத் தடித்த எழுத்துப் போன்ற வேறுபட்ட அச்சில் காட்டுவது சட்டப்படி கட்டாயம். பால், முட்டை, மீன் ஆகியவை அவற்றில் அடங்கும். இறைச்சியும் தேனும் அந்த 14 இல் இல்லை என்பதால், தடித்த சொற்களை மட்டும் பார்த்து நிறுத்திவிடக் கூடாது. உணவுச் சேர்க்கைப் பொருள்களைக் குறிக்கும் 'இ' எண்களில், இ120 என்பது பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்பு நிறம், இ901 தேன்மெழுகு, இ904 பூச்சி சுரக்கும் அரக்கு. இ471 என்ற கலப்பான் தாவரக் கொழுப்பிலிருந்தும் வரலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரலாம். 'பால் கலந்திருக்கக்கூடும்' என்ற எச்சரிக்கை, அதே ஆலையில் பால் பொருள்களும் கையாளப்படுவதைச் சொல்வதே தவிர, பால் சேர்க்கப்பட்டதைச் சொல்வதில்லை.

9. ஊர் திரும்பும் நாள்

கடைசி நாளில் நீண்ட பயணம் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். வண்டியைத் துடைத்துப் பெட்டியில் அடைக்க நினைத்ததைவிட நேரம் பிடிக்கும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகளுக்குள் போவதானால் டயரிலும் செயினிலும் மண் ஒட்டியிருக்கக் கூடாது. உயிரியல் பாதுகாப்புச் சோதனையில் அதைப் பார்ப்பார்கள். வீகன் பயணியின் பை இயல்பாகவே பழமும் கொட்டையும் விதையுமாக நிறைந்திருக்கும். எல்லைச் சோதனைகளில் கட்டுப்பாடு மிகுந்த பொருள்கள் அவைதாம். மிஞ்சிய பழத்தை விமான நிலையத்துக்குப் போகும் வழியிலேயே சாப்பிட்டு முடித்துவிடுங்கள். உறை பிரிக்காத கொட்டைப் பொட்டலம் இருந்தால் சுங்கப் படிவத்தில் மறைக்காமல் குறிப்பிடுங்கள்.